ஆண்டறிக்கை 2024–25: மான்ஸ்டர் படங்களுக்கு ஒதுக்கிய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 மே 9 அன்று அமெரிக்கத் தயாரிப்பாளரும் இயக்குநருமான ரோஜர் கோர்மன் 98 வயதில் காலமானார். அஞ்சலியாக அவருடைய படம் ஒன்றைப் போடலாம் என்றுதான் செயற்குழுவில் பேச்சு தொடங்கியது. எந்தப் படம் என்று பேசப் பேசப் பட்டியல் நீண்டது. கடைசியில், ஆண்டு முழுவதும் நமது திரைப்படச் சங்கத்தின் மாதாந்திரத் திரையிடலைச் சின்ன பட்ஜெட் விஞ்ஞானக் கதை மான்ஸ்டர் படங்களுக்கே, அதாவது பயங்கர ஜந்துகள் வரும் படங்களுக்கே, ஒதுக்குவது என்று முடிவானது. சத்யஜித் ரே, ஜப்பானிய இயக்குநர் குரோசவா ஆகியோரின் படங்களைப் போட்ட திரையில் பொம்மை நண்டா என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். படங்களே அதற்குப் பதில் சொல்லிவிட்டன என்று நான் நம்புகிறேன்.

முதல் படம் கோர்மன் 1957-இல் எடுத்த 'அட்டாக் ஆஃப் தி கிராப் மான்ஸ்டர்ஸ்'. செலவு சுமார் 70,000 டாலர். ஓடுவது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் சரிந்துகொண்டிருக்கும் தீவில் சில விஞ்ஞானிகள் மாட்டிக்கொள்கிறார்கள். அங்குள்ள ராட்சத நண்டு ஆளைத் தின்றால் அவருடைய அறிவும் அதற்குள் போய்விடும். பிறகு இறந்தவரின் குரலிலேயே அது நண்பர்களைக் கூப்பிடும். ஒரு மைக்கும் ஒரு நடிகரும் இருந்தால் எடுத்துவிடக்கூடிய காட்சி. ஆனால் அந்தக் குரல் வந்தபோது நம் ஹாலில் முணுமுணுப்பு நின்றுபோனதை அன்று வந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நண்டைப் பார்த்துச் சிரித்தவர்களே குரலைக் கேட்டதும் அடங்கிவிட்டார்கள்.

இந்தப் படங்களின் பலமே அதுதான். காசில்லாதவரால் ஜந்துவை நிறைய நேரம் காட்ட முடியாது. அதனால் கதவையும் நிழலையும் சத்தத்தையும் பயந்த முகங்களையும் நம்பி வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இடம் ஒன்றுதான், ஆட்களும் சிலர்தான். ஆகவே கதை நிற்காமல் ஓடியாக வேண்டும்.

1958-இல் வந்த 'இட்! தி டெரர் ஃப்ரம் பியாண்ட் ஸ்பேஸ்' இதற்கு இன்னும் நல்ல உதாரணம். செவ்வாயிலிருந்து திரும்பும் ராக்கெட்டுக்குள் ஒரு ஜந்து ஏறிவிடுகிறது. மனிதர்கள் ஒவ்வொரு தளமாக மேலே ஏற, அது பின்னாலேயே வருகிறது. கையெறி குண்டு, விஷவாயு, மின்சாரம், அணு உலையின் கதிர்வீச்சு, தோளில் வைத்துச் சுடும் பசூக்கா என்று எதற்கும் அது அசைவதில்லை. ஒரு வழி தோற்றதும் அடுத்ததை யோசிக்கிறார்கள். நான் இந்த வகைப் படங்களைத் தேடிப் பார்ப்பதே அதற்காகத்தான். கடைசியில் ராக்கெட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றித்தான் அதைக் கொல்கிறார்கள். 1979-இல் வந்த 'ஏலியன்' படத்துக்கு முன்னோடியாகப் பலர் இதைச் சொல்வது சும்மா இல்லை. ஜந்து வேடம் போட்ட ரே கோரிகனின் தாடை முகமூடியின் வாய் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். புது முகமூடி செய்யாமல், அந்தத் தாடைக்கே மேக்கப் போட்டு நாக்காக்கிவிட்டார்கள்.

1955-இல் வந்த 'இட் கேம் ஃப்ரம் பினீத் த சீ' படத்தில், பொம்மைகளை அசைத்துப் படமாக்கும் கலைஞர் ரே ஹாரிஹவுசன் ராட்சத ஆக்டோபஸுக்கு ஆறு கைகள்தான் வைத்தார். அசைவை ஒவ்வொரு பிரேமாகக் கையால் நகர்த்தி எடுக்க வேண்டும் என்பதால், இரண்டு கைகளைக் குறைத்தால் காசு மிச்சம். அது சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைப் பிடித்து உடைக்கும்போது நம் உறுப்பினர் யாரும் கைகளை எண்ணவில்லை. படம் முடிந்து சொன்ன பிறகுதான், அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லி எண்ணினார்கள்.

சேலத்துச் சங்கமான நாம் 'காடு' படத்தை விட்டுவிட முடியாது. நம் ஊர் ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் டி.ஆர்.சுந்தரம் அமெரிக்கரான வில்லியம் பெர்க்குடன் சேர்ந்து தயாரித்து, 1952-இல் வந்த படம். பெர்க்தான் இயக்கம். 'தி ஜங்கிள்' என்ற பெயரில் அமெரிக்காவில் ஓடிய பதிப்பைத்தான் நம்மால் திரையிட முடிந்தது. கதைப்படி காட்டு விலங்குகளை விரட்டுவது, அழிந்துபோனதாக நினைத்த மாமூத்துகள், அதாவது உடலெங்கும் முடி அடர்ந்த பழங்கால யானைகள். நிஜ யானைகளுக்கே முடி போர்த்தி மாமூத் ஆக்கியிருக்கிறார்கள். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் முகப்பு வளைவைத் தினமும் கடந்து போகிறவர்களுக்கு, உள்ளே இப்படியொரு முயற்சியும் நடந்தது என்று தெரிந்தபோது வந்த மகிழ்ச்சி பெரியது. இந்த ஆண்டில் ஹால் நிறைந்து வழிந்ததும் அன்றுதான்.

புதிய படங்களில் இரண்டு. கேரத் எட்வர்ட்ஸின் 'மான்ஸ்டர்ஸ்' (2010) ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்தது. முக்கிய நடிகர்கள் இருவரே, மற்றவர்கள் போன இடத்தில் கிடைத்த ஊர்க்காரர்கள். கிராஃபிக்ஸ் வேலையை எட்வர்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்து தானே செய்தார். நான்கே ஆண்டுகளில் ஹாலிவுட் அவரிடம் 'காட்ஸில்லா'வைக் கொடுத்தது. அப்புறம் தகாஷி யமசாகியின் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' (2023). ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவான செலவில், 35 கிராஃபிக்ஸ் கலைஞர்கள் 610 ஷாட்டுகளை முடித்தார்கள். 2024-இல் அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. இவ்வளவு பணம் சின்ன பட்ஜெட்டா என்று காரசாரமான விவாதம் நடந்தது. போட்டியிட்ட ஹாலிவுட் படங்களின் செலவோடு வைத்துப் பார்த்தால் சின்னதுதான் என்பது என் கட்சி.

ஒரு வேண்டுகோள். கொரில்லா உடைக்கு மேல் ஹெல்மெட் மாட்டிய 'ரோபாட் மான்ஸ்டர்' (1953) அன்று, கேலி செய்வதற்கென்றே சிலர் வந்து கூச்சலிட்டார்கள். அந்தப் படம் தோற்ற படம்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை எடுத்தவர்கள் பார்வையாளரைப் பயமுறுத்த உண்மையாகவே முயன்றிருக்கிறார்கள். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். பக்கத்தில் இருப்பவர் படம் பார்க்க விடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. கல்லூரி மாணவர்கள் பலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். வசனங்களுக்குத் தமிழ்ச் சப்டைட்டில் தயாரித்ததும் அவர்களே. செயற்குழு சார்பில் நன்றி. ஸ்பீக்கர்களில் ஒன்று பழுதாகிவிட்டதால் புதிது வாங்க அனுமதி கோருகிறோம். வரும் ஆண்டில் முதல் சில மாதங்களை ஜப்பானிய ராட்சதப் படங்களுக்கும், பிறகு குறும்படம் எடுக்கும் நம் உறுப்பினர்களுக்கும் ஒதுக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்