கோட் வந்தது, நன்றி

கண்ணா,

நேற்று ராத்திரி டிவி, உன் கணக்குக்குள் போக மறுபடியும் கோட் கேட்டது. உனக்கு மெசேஜ் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நாலு நம்பர் வந்துவிட்டது. அப்போது உங்கள் ஊரில் விடியற்காலை மூன்றேகால் மணி. நம்பருக்கு முன்னாலும் ஒரு வார்த்தை இல்லை, பின்னாலும் இல்லை. நான் ‘கோட் வந்தது, நன்றி’ என்று போட்டேன். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்கிற அளவுக்கு வந்துவிட்டோம். நீ பதிலுக்குக் கட்டைவிரலைக் காட்டினாய்.

இதை வாட்ஸாப்பில் எழுதவில்லை. எழுதினால் டிக் எப்போது நீலமாகும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மெயில் என்றால் நீ படித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் அது நல்லது.

முதலில் செய்தி. மாடி ரூம் விஷயம் முடிந்தது. எப்படி முடியும் என்று நீ சொன்னாயோ அப்படியேதான் முடிந்தது, அதற்காகப் பெருமைப்பட்டுக்கொள்ளாதே. கண் டாக்டர் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். சின்ன அத்தை உன்னை விசாரித்தாள். நன்றாக இருக்கிறான் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், அது எனக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. செய்தி அவ்வளவுதான்.

ராத்திரி சீக்கிரம் படு.

குரூப்பில் எல்லாரும் சுகம். போன தடவை பேசும்போது, “முகம் தெரியாதவர்களிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறாய்” என்றாய். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். 2008இல் எனக்கு ஆர்குட்டில் கணக்குத் திறந்து, பாஸ்வேர்டை காலண்டர் அட்டைக்குப் பின்னால் எழுதி வைத்தவன் நீ. பதினொன்றாவது படிக்கிற பையன். தமிழில் டைப் அடிக்கவும் நீதான் சொல்லிக் கொடுத்தாய். ‘ழ’ எங்கே இருக்கிறது என்று நான் பத்துத் தடவை கேட்டேன், பத்துத் தடவையும் முகம் சுளிக்காமல் காட்டினாய். இன்றைக்கும் குரூப்பில் யாராவது “எப்படி இவ்வளவு வேகமாக அடிக்கிறாய்” என்று கேட்டால், என் பையன் கற்றுக்கொடுத்தது என்றுதான் சொல்கிறேன். அப்பா மேல்கூட நான் இவ்வளவு பெருமை பேசியதில்லை.

நாங்கள் ‘கோலங்கள்’ சீரியலைப் பற்றிப் பேசத்தான் சேர்ந்தோம். அபி பாவமா, அபிக்குப் பிடிவாதமா என்று ஒன்பதரைக்கு ஆரம்பித்தால், பேச்சு எங்கெங்கோ போய் யாருடைய முட்டிவலியிலாவது நிற்கும். 1533 எபிசோட் ஓடி 2009 டிசம்பரில் அது முடிந்தபோது, “இனிமேல் எதைப் பேசுவது?” என்று டீச்சர் கேட்டாள். அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் பேசினோம். சீரியலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் ஆர்குட்டை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. 2014 செப்டம்பர் 30 கடைசி நாள். அதற்குள் எல்லாரும் போன் நம்பர் கொடுத்துவிட்டோம், ரோஜாப் படம் வைத்திருந்தாளே, அவளைத் தவிர. அவள் அந்த மாதம் முழுவதும் உள்ளே வரவே இல்லை. ஆறு வருஷம் தினமும் பேசியவள், பேர்கூடச் சரியாகத் தெரியாது, எங்கே போய்த் தேடுவது? டீச்சர் இன்னும் ஏதாவது அழுகைக் காட்சி வந்தால், “ரோஜா இருந்திருந்தால் இதைப் பிரித்து மேய்ந்திருப்பாள்” என்பாள்.

2020இல் ஷூட்டிங் எல்லாம் நின்றுபோய் மெட்டி ஒலியை மறுபடியும் போட்டார்களே, அப்போது ஏழு பேரும் முதலிலிருந்து பார்த்தோம். 2002இல் அந்த ஐந்து பெண்களுக்காக அழுதேன். இந்தத் தடவை அந்த அப்பாவுக்காக அழுதேன். குரூப்பில் எழுதினால் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். ஒருத்தி மட்டும், “நான் இரண்டு தடவையும் மாப்பிள்ளைகளை அடிக்கணும் என்றுதான் நினைத்தேன்” என்றாள்.

எங்களுக்குள் இரண்டு விதி உண்டு. வேறு நாட்டில் இருப்பவள் “பார்த்தாச்சு” என்று சொல்லும்வரை அன்றைய கதையைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. இன்னொன்று, மூன்று நாள் ஒருத்தியிடமிருந்து சத்தம் இல்லையென்றால் போன் போட்டுவிட வேண்டும். இது 2021க்குப் பிறகு வந்தது. நைட் டியூட்டி அக்கா எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், மற்றவர்களைப் பார்க்கிற நர்ஸையே படுக்கையில் போட்டிருந்தார்கள், எங்கள் ஒருத்திக்கும் தெரியவில்லை. ஏதோ வேலை என்று இருந்துவிட்டோம். பிழைத்து வந்தாள். இப்போது அந்த விதியை அவள்தான் கறாராகப் பார்க்கிறாள். இரண்டாவது நாளே, “அம்மா, உயிரோடு இருக்கிறீர்களா?” என்று கேட்டுவிடுவாள்.

நீ பேசி இருபத்தாறு நாள் ஆகிறது. கட்டைவிரலை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இருபத்தாறு நாளுக்கு முன்னால் ராத்திரி நீ ஏதோ எழுதியிருக்கிறாய். காலையில் எழுந்து பார்த்தால், ‘இந்த மெசேஜ் நீக்கப்பட்டது’ என்று இருந்தது. ஒரு வரியா, பத்து வரியா, அதுகூடத் தெரியவில்லை. “என்னப்பா?” என்று கேட்டேன். “தப்பாக வந்துவிட்டது” என்றாய். சரி, இருக்கலாம். எனக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறது. சின்ன அத்தையைப் பற்றி டீச்சருக்கு எழுதியது சின்ன அத்தைக்கே போனதும், அதன் பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும்.

நான் எதையும் கேட்பதற்காக எழுதவில்லை. அப்பா இருந்திருந்தால் நேராகக் கேட்டிருப்பார், கேட்டுச் சண்டையும் போட்டிருப்பார். எனக்கு அது வராது. ராத்திரி சீக்கிரம் படு, அதுதான் சொல்ல வந்தேன். போனைப் பக்கத்து ரூமில் வைத்துவிட்டுப் படு.

சரி, சொல்லிவிடுகிறேன். டிவியைப் போட்டதும் யார் பார்ப்பது என்று கேட்குமே, அதில் நாலு கட்டம் இருந்தது. உன்னுடையது, அவளுடையது, என்னுடையது, குழந்தைகளுக்கென்று அவர்களே வைத்திருக்கிற ஒன்று. இப்போது மூன்றுதான் இருக்கிறது. குழந்தைகளுடையது இருக்கிறது.

என் டிவியில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். அணைத்துப் போட்டேன். போனில் பார்த்தேன், அதிலும் மூன்றுதான். அவள் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொரியன் தொடரை நானும் பார்க்க ஆரம்பித்திருந்தேன். எட்டாவது எபிசோடில் நிற்கிறேன், என்ன ஆகப்போகிறது என்று அவளிடம் கேட்கலாம் என்று இருந்தேன்.

அப்புறம் கைதவறி உன் கட்டத்துக்குள் போய்விட்டேன். முதல் தடவை கைதவறித்தான்.

நீ ஃப்ரெண்ட்ஸ் பார்க்கிறாய். காலேஜில் படிக்கும்போது மனப்பாடமாகச் சொல்வாயே, அதே. செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரைக்கு நான் பார்த்தபோது ஐந்தாவது சீசனில் எட்டாவது எபிசோடில் நின்றது. என் சீரியல் முடிந்து ஒன்பதே முக்காலுக்குப் பார்த்தால் பதினொன்றாவதில் நிற்கிறது. ஒரு எபிசோட் 22 நிமிஷம். கணக்கு எனக்கும் வரும். உங்கள் ஊரில் அது இரண்டு மணியிலிருந்து மூன்றேகால். மறுநாள் வேலை நாள். அடுத்த ராத்திரியும் அப்படியே.

நானும் அந்த எபிசோடுகளைப் போட்டுப் பார்த்தேன். கீழே எழுத்து ஓடுவதைப் படிப்பதற்குள் அவர்கள் அடுத்ததைப் பேசிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்புச் சத்தம் நன்றாக இருக்கிறது. ஆட்களை முன்னால் உட்கார வைத்துத்தான் எடுத்தார்களாம், டீச்சர் சொன்னாள். வீட்டில் நாலு பேர் இருக்கிற மாதிரி இருந்தது. நீ எதற்காக அதைப் போடுகிறாய் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அப்பா போன முதல் வருஷம் நான் செய்தி சேனலை ஓடவிட்டுத்தான் தூங்கினேன். என்ன செய்தி என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது.

உனக்குக் கோபம் வரும். உளவு பார்க்கிறாள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். பெரிய வேலையில் இருக்கிறாய், பத்துப் பேருக்கு நீ சொன்னால்தான் வேலை நடக்கிறது என்கிறார்கள், உன்னைப் பற்றி நாலு பேரிடம் சொல்லும்போது எனக்குக் குரல் மாறிவிடுகிறது. அப்படிப்பட்டவன் பெற்ற தாய்க்கு ஒரு வரி எழுத முடியாமல் நம்பர் மட்டும் அனுப்புகிறாய்.

அந்த நம்பரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேற்று டிவி கோட் கேட்டது என்று மேலே எழுதினேன். அதுவாகக் கேட்கவில்லை. நான்தான் ‘வெளியேறு’ என்பதை அழுத்திவிட்டு மறுபடி உள்ளே போனேன். இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. நம்பர் வந்தால் நீ இருக்கிறாய் என்று தெரியும், அதற்காக.

கட்டம் காணாமல் போனதை உன்னிடம் கேட்பதற்கு முன்னால் குரூப்பில் சொல்லிவிட்டேன். இல்லை, உன்னிடம் கேட்கவே இல்லை, குரூப்பில் மட்டும்தான் சொன்னேன். ஆறு பேரும் ஆறு விதமாகச் சொன்னார்கள். அவளுக்கே போன் போடு என்றாள் ஒருத்தி. பணம் மிச்சம் பிடிக்கிறார்களாக இருக்கும் என்றாள் இன்னொருத்தி. தினமும் விசாரித்தார்கள். நானும் தினமும் எழுதினேன். இன்றைக்கு இத்தனை மணிக்கு இந்த எபிசோடில் இருந்தான், இன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, இப்படி. போன வெள்ளிக்கிழமை ஒருத்தி, நல்லவள், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை, “அப்புறம் உன் பையன் கதை என்ன ஆச்சு?” என்று கேட்டாள். நான் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. மேலே போய் நான் எழுதியதையெல்லாம் படித்துப் பார்த்தேன். நேற்றைய தொடர்ச்சி மாதிரி இருந்தது. நீ சொன்னது சரிதான். முகம் தெரியாதவர்கள் என்று சொன்னது மட்டும் தப்பு.

அதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்தப் புதன்கிழமைதான் ஞாபகம் வருகிறது. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. 2009 மார்ச், இயற்பியல் பரீட்சைக்கு முன்னால். ஒன்பதரை மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாய். “அம்மா” என்றாய். நான் திரும்பவில்லை. “இரு, ஒரு நிமிஷம்” என்றேன். டீச்சர் கோலங்களில் வருகிற ஆதியைப் பற்றி ஏதோ கிண்டலாக எழுதியிருந்தாள், அதற்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில் உன் நிழல் தெரிந்தது. கொஞ்ச நேரம் இருந்தது. அடித்து முடித்துத் திரும்பினால் நீ இல்லை. ரூமில் லைட் அணைந்திருந்தது. தூங்கிவிட்டான், நல்லதாகப் போயிற்று என்று இன்னும் அரை மணி நேரம் பேசினேன்.

அந்தப் பேப்பரில் என்ன நடந்தது என்று நம் மூன்று பேருக்கும் தெரியும். அப்பா உன்னைத் திட்டினார். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டார். நானும் சேர்ந்துகொண்டு அதையேதான் கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். வந்தேன், நின்றேன் என்று நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்பா போகிறவரைக்கும் சொல்லவில்லை. என்ன சொல்ல வந்தாய் என்று உன்னிடமும் கேட்கவில்லை. கேட்டால் வந்தது உண்மையாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

அழித்த மெசேஜில் என்ன இருந்தது என்று இப்போதும் கேட்கவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்கிறேன். உனக்குச் சொல்ல முடியவில்லையென்றால் பரவாயில்லை. எனக்குக் கோபம் யார்மேலும் இல்லை. அந்தக் கொரியன் தொடரை முடிக்காமல் வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடு. சீக்கிரம் படு. தூக்கம் வரவில்லையென்றால் டிவி போடாதே, எனக்குப் போன் போடு. உங்கள் ஊரில் மூன்று மணி என்றால் இங்கே எனக்கு ஒன்றும் அகாலமில்லை, ஒன்பதரைதான்.

ஒன்பதரைக்கு நான் குரூப்பில் இருப்பேன் என்று நினைப்பாய். இன்று காலையில் குரூப்பை ம்யூட் செய்துவிட்டேன். எட்டு மணி நேரமா, ஒரு வாரமா, எப்போதுமா என்று கேட்டது. ஒரு வாரம் போட்டிருக்கிறேன். எப்போதும் என்று போட மனசு வரவில்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மூன்று நாளில் நைட் டியூட்டி அக்கா எனக்குப் போன் போடுவாள். அதற்கு முன்னால் நீ போடு.

அம்மா