சாங்கி – சென்னை தூரமும் பயண நேரமும் தவறாகக் காட்டப்படுவது குறித்துப் புகார்

அனுப்புநர்: பயண முகவர்கள், சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

மாதச் சந்தா கட்டி உங்கள் தூரக் கணிப்பானைப் பயன்படுத்தி வருகிறோம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 2,540 கிலோமீட்டர், 2 மணி 49 நிமிடம் என்று அது காட்டுகிறது. இரண்டும் தவறு.

இரு நிலையங்களுக்கும் இடையே நேரடித் தூரம் சுமார் 1,578 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், பெருக்கினால் 2,922 வரும். நீங்கள் அதைச் சாலை மைலாக எடுத்து 1.609-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். 380 கிலோமீட்டர் அங்கேயே காணாமல் போய்விட்டது. மிச்சத்தை மணிக்கு 900 என்று வகுத்து அதையே பயண நேரம் என்கிறீர்கள். விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலேற வேண்டும், சென்னையில் இறங்க வரிசையில் காத்திருக்கவும் நேரலாம். அதனால்தான் அட்டவணைகளில் இந்தப் பயணம் 4 மணி நேரத்துக்கு மேல் போகிறது.

அட்டவணைப் பக்கத்தில் இருப்பது வேறு கோளாறு. அந்தந்த ஊர் நேரப்படி மாலை 6.00-க்குக் கிளம்பி இரவு 7.40-க்குச் சென்னை சேரும் விமானத்துக்கு 4 மணி 40 நிமிடம் போட்டிருக்கிறீர்கள். சரியானது 4 மணி 10 நிமிடம். திரும்பும்போது இரவு 11.15-க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.00-க்குச் சாங்கியில் இறங்குவதற்கு 3 மணி 45 நிமிடம் என்கிறீர்கள். அது 4 மணி 15 நிமிடம். போகும்போது அரை மணி கூடி, வரும்போது அரை மணி குறைந்தால் காரணம் ஒன்றுதான்: இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட (UTC) ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது, அதை உங்கள் நிரல் ஐந்தாக வெட்டிவிடுகிறது. சிங்கப்பூர் நேரம் எட்டு மணி முன்னால். வித்தியாசம் இரண்டரை மணி, மூன்று அல்ல.

கணிப்பானை நம்பி ஒருவர் 6 மணி விமானத்தைப் பதிந்தால், இந்திய நேரம் 6.19-க்கே இறங்கிவிடுவோம் என்று நினைத்து எழும்பூரில் எட்டரை மணி ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிடுவார். உண்மையில் 7.40-க்குத்தான் விமானம் தரை தொடும். குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் தாண்டி எழும்பூர் போய்ச் சேர்வது நடக்காத காரியம். வயதான அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அலைச்சல்!

செய்ய வேண்டியது: கடல் மைலுக்கு 1.852 என்ற எண்ணையே பயன்படுத்துங்கள். நேர வித்தியாசத்தை மணிக்கணக்கில் வைக்காமல் நிமிடக்கணக்கில் வையுங்கள்: சிங்கப்பூர் 480, இந்தியா 330. திருத்திய பிறகு காத்மாண்டுவைப் போட்டுப் பாருங்கள். அது 345, கால் மணிப் பிழையும் அங்கே தெரிந்துவிடும். வானில் பறக்கும் நேரத்தையும், வாயிலிலிருந்து வாயில்வரை ஆகும் நேரத்தையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

சரிசெய்யும் வரை சென்னைத் தடத்துக்கு அந்தப் பக்கத்தில் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும். பிழை நீடித்த மாதங்களின் சந்தாவைத் திருப்பித் தர வேண்டும். 14 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். இரு பக்கங்களின் திரைப்பிடிப்புகளையும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பயண முகவர்கள்