போக 11 மணி நேரம், வர 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லையா? இணையத்தில் நம் ஊர், லண்டன் என இரண்டு ஏர்போர்ட் பெயரையும் போட்டுப் பார்த்துவிட்டு, தூரம் ஒன்றாக இருக்கும்போது டிக்கெட்டில் மட்டும் ஏன் நேரம் இப்படித் தாறுமாறாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

அங்கே காட்டும் தூரம், பூமி உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற குறுக்குவழி. அதை மணிக்கு 800, 900 கிலோமீட்டர் என்று வகுத்து ஒரு நேரத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்க இடமில்லாமல் மேலே வட்டமடிப்பது, பறக்கக் கூடாத வான்பகுதியைச் சுற்றிப் போவது எல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. டிக்கெட்டையே நம்புங்கள்.

ஆனால் டிக்கெட்டில் உள்ளது அந்தந்த ஊர் நேரம். அதிகாலை 3 மணிக்கு ஏறி காலை 8.30க்கு இறங்குவதாகப் போட்டிருப்பதைப் பார்த்து 5½ மணி நேரம்தான் என்று நினைத்துவிடாதீர்கள், குளிர்காலத்தில் நம் இந்தியக் கடிகாரம் இங்குள்ளதைவிட 5½ மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதையும் கூட்டினால் 11. திரும்பும்போது 15½ போலத் தெரியும், கழித்தால் 10.

சரி, மிச்சம் ஒரு மணி நேரம்? அது காற்று. விமானம் பறக்கிற பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்று ஒரு பெருங்காற்று ஓடுகிறது, குளிர்காலத்தில் அதற்கு வேகம் அதிகம். இங்கே வரும்போது எதிர்க்காற்று, ஊருக்குப் போகும்போது முதுகில் தள்ளும். 2020 பிப்ரவரியில் புயல் நேரத்தில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு ஜம்போ விமானம் 5 மணி நேரத்துக்குள் லண்டனில் இறங்கிவிட்டது, வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும்! சீட்டுக்கு முன்னால் உள்ள திரையில் வேகம் ஓடிக்கொண்டே இருக்கும், பாருங்கள். கூடவே வரைபடத்தில் பாதை வடக்கே வளைந்து போனால் வழி தவறிவிட்டதாக அம்மாவிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். உருண்டையைத் தட்டையாக வரைந்தால் நேர்வழியும் வளைந்துதான் தெரியும்.

இங்கே பிழைப்பே இரண்டு கடிகாரத்தோடுதான். வேலை முடிந்து வீடு சேரும்போது நீங்கள் தூங்கியிருப்பீர்கள், அதனால்தான் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் ஸ்பூனோடு பேசுகிறேன். இந்த மாதங்களில் ஆபீஸ் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. அப்புறம், அக்டோபர் கடைசியில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதிலிருந்து என் போன் உங்களுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வரும். மறந்துவிட்டேன் என்று அம்மா கோபித்துக்கொள்வது நியாயமே இல்லை.

மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டால் நடுவழியில் எடுக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். அம்மாவுக்கு வீல்சேர் கேட்டு நானே சொல்லிவிடுகிறேன், அவள் வேண்டாம் என்றாலும்.

அன்புடன்,
உங்கள் மகன்