பென்சில் கோடு போட்ட பத்தி

அன்புள்ள ஆதி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. உங்கள் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோவுக்குப் புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது, சிறுவர்களுக்கான மாயக்கதைப் புத்தகம் ஒன்றைப் படமாக்குகிறார்கள், பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றாய். புத்தகத்தைப் படித்துவிட்டாயா என்று கேட்டேன். "எதுக்கும்மா? எனக்கு ஷாட் ஷாட்டா வரும். அதுல இருக்கிற மிருகத்தைப் பின்னணியோட சேர்த்துக் குடுத்தாப் போதும். புக்கு வேற, படம் வேற." சரிப்பா என்றேன். அப்புறம் உங்கள் ஊர் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டோம்.

போனை வைத்த பிறகு சிரிப்பு வந்தது. இதைச் சொன்னது நீயா? 2010-ல் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தவன் நீ.

அது என்ன படம் என்று சொல்லத் தேவையில்லை. 'பெர்சி ஜாக்சன்', முதல் படம். கிரேக்கக் கடவுளுக்கும் மனுஷிக்கும் பிறந்த பெர்சியின் கதை. அதை எடுத்ததே நீ இப்போது இருக்கும் வான்கூவரில்தான். தெரியுமா?

அந்தப் புத்தகம் நம் வீட்டுக்கு வந்த கதையையும் நீ மறந்திருப்பாய். நான்காம் வகுப்பில் உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "பையனுக்குக் கவனமே இல்லை" என்றார். எழுத்தெல்லாம் ஓடுது என்று நீ சொன்னதை நானும் முதலில் சாக்கு என்றுதான் நினைத்தேன். எழுத்தைப் படிப்பதில் வரும் இந்தச் சிக்கலுக்கு டிஸ்லெக்சியா என்று பெயர், அந்தச் சொல்லை நான் கேள்விப்படவே இன்னும் ஆறு மாதம் ஆனது. அந்தச் சமயத்தில்தான் சித்தி சென்னைப் புத்தகக் கண்காட்சியிலிருந்து அதை வாங்கி வந்தாள். உன்னால் படிக்க முடியாததால் நான் படித்துக் காட்டினேன். ராத்திரி கரண்ட் போன நேரங்களில் எமர்ஜென்சி விளக்கை வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் ஒரு பத்தி படிப்பேன், தமிழில் அதையே சொல்வேன். பார்த்தவரைக் கல்லாக்கிவிடும் மெடூசா என்ற அரக்கிக்கு எதிர்வீட்டு மாமி குரலை வைத்திருந்தேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அந்த இடம் வந்தது. பெர்சிக்கு எழுத்துகள் பக்கத்தைவிட்டு மிதக்கின்றன, அதற்குக் காரணம் அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்காகப் பிறந்தது என்று அவனுக்குச் சொல்கிறார்கள். நீ எழுந்து உட்கார்ந்துவிட்டாய். "திரும்பப் படி." மூன்று தடவை படித்தேன்.

இதை எழுதிய ரிக் ரயர்டன் டெக்ஸஸில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அவருடைய மூத்த பிள்ளைக்கும் இதே சிக்கல். தூங்கப் போகும் முன் கிரேக்கப் புராணக் கதைகள் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். தெரிந்த கதையெல்லாம் தீர்ந்து போனதும் தானே ஒன்றை இட்டுக்கட்டினார். அதுதான் 2005-ல் 'த லைட்னிங் தீஃப்' என்று புத்தகமானது. அந்தப் பையனுக்காகச் சொன்ன கதை, ஊர் ஊராகத் தாண்டித் திருச்சியில் உனக்கும் சரியாக வந்து சேர்ந்தது.

படம் வந்தபோது உனக்கு 11. பெர்சிக்கு 12. "அடுத்த வருஷம் எனக்கும் 12" என்று காலண்டரில் எழுதி வைத்திருந்தாய். எனக்கும் நம்பிக்கை இருந்தது. இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ், ஹாரி பாட்டரின் முதல் இரண்டு படங்களை எடுத்தவர். 11 வயதுப் பையனுக்கு 11 வயதுப் பையனையே போட்டவர்.

திரையில் வந்தவன் தோள் அகன்ற காலேஜ் பையன் மாதிரி இருந்தான். நடிக்கும்போது அவனுக்கு 17 வயது. நீ இருட்டில் என் பக்கம் சாய்ந்து, "அம்மா, இவன் பெர்சியோட அண்ணனா?" என்று கேட்டாய். நான் "உஷ்" என்றேன். அதற்கப்புறம் நீ எதுவும் கேட்கவில்லை. ஆட்டோவிலும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, "ஒரு படத்துக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு என்ன இது" என்று திட்டினேன். அதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வயது மாற்றம் எவ்வளவு பெரிய தப்பு என்று ரயர்டனே படப்பிடிப்புக்கு முன்னால் தயாரிப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறார். 2018-ல் அந்தக் கடிதங்களை அவரே வெளியிட்டார். வாத்தியார் வேலையை விட்டாலும் பேப்பர் திருத்துகிற கை போகாது, அப்படித் திருத்தியிருக்கிறார் மனிதர். பெர்சி 16 வயதைத் தொடும்போது ஒரு தீர்க்கதரிசனம் பலிக்க வேண்டும், அதை நோக்கித்தான் ஐந்து புத்தகமும் நடக்கின்றன. தொடங்கும்போதே அவனைப் பெரியவனாக்கிவிட்டால் அப்புறம் நடப்பதற்கு வழி எங்கே? யாரும் கேட்கவில்லை. 2013-ல் இன்னொரு படம் வந்தது, அத்தோடு கடையைச் சாத்திவிட்டார்கள். அந்தப் படங்களைத் தான் பார்க்கவே இல்லை என்கிறார் ரயர்டன்.

நீ சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை, கண்ணா. எல்லாவற்றையும் படத்தில் வைக்க முடியாது. 'விசர்ட் ஆஃப் ஆஸ்' புத்தகத்தில் டோரதி போட்டிருப்பது வெள்ளிச் செருப்பு. 1939-ல் கலரில் எடுத்தபோது பளிச்சென்று தெரியட்டும் என்று சிவப்பாக்கினார்கள். அதற்காக யாரும் அழவில்லை. எதை எடுத்தார்கள் என்பதுதான் எனக்குக் கேள்வி. 'த கோல்டன் காம்பஸ்' நினைவிருக்கிறதா, 2007-ல் வந்தது? புத்தகத்தின் முடிவில் லைரா என்ற சிறுமி எந்தச் சிநேகிதனைக் காப்பாற்ற அவ்வளவு தூரம் போனாளோ அந்தப் பையனே செத்துப்போகிறான். கதையின் எடையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கடைசிப் பகுதியைப் படமும் பிடித்துவிட்டு, கனமாக இருக்கிறது, அடுத்த பாகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வெட்டிவிட்டார்கள். அடுத்த பாகம் வரவே இல்லை. உன் தொழில்காரர்களுக்கு மட்டும் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. அதில் வரும் கரடி அவ்வளவு நன்றாக இருந்தது, கதைக்குத்தான் முடிவு இல்லை.

சரி, நான் சொல்ல வந்தது இதுவும் இல்லை. சாலியைப் பற்றி.

பெர்சியின் அம்மா. கேப் என்ற அந்த நாற்றம் பிடித்த ஆளோடு அவள் ஏன் குடும்பம் நடத்தினாள் என்பது கடைசியில்தான் தெரியும். அவனுடைய நாற்றம் பிள்ளையின் வாசனையை மறைத்துவிடும், அரக்கர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதற்காகச் சகித்துக்கொண்டாள். நீல நிறத்தில் சாப்பாடே கிடையாது என்று அவன் ஒரு தடவை சொன்னதால், பிடிவாதமாக நீலக் கேக்கும் நீல மிட்டாயுமாக வீட்டுக்குக் கொண்டுவருவாள். உன் பிறந்தநாளுக்குச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து நீல இடியாப்பம் பிழிந்தேனே, அது அவளிடம் கற்றது. பாதியில் எலுமிச்சை பிழிந்தேன், ஊதாவாகிவிட்டது. உன் அப்பா கிட்டேயே வரவில்லை. நீ ஒன்பது சாப்பிட்டாய்.

புத்தகத்தின் கடைசியில், கேப் கையை ஓங்கும்போது சாலி ஒடுங்குகிறாள். பெர்சிக்குப் பொறி தட்டுகிறது. இவன் அம்மாவை அடித்திருக்கிறான். பெட்டியில் மெடூசாவின் தலை இருக்கிறது, அவன் ஒரு நொடியில் முடித்துவிடலாம். அவள் வேண்டாம் என்கிறாள். என் வாழ்க்கையை நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி பேசுகிறாள். அவன் பெட்டியை அவளிடம் விட்டுவிட்டுப் போகிறான். கொஞ்ச நாள் கழித்துக் கடிதம் வருகிறது. கேப்பைக் காணவில்லை. அவள் செய்த முதல் சிற்பம், சீட்டாடுகிற ஆள், ஆளுயரம், நல்ல விலைக்குப் போயிற்று. அந்தப் பணத்தில் காலேஜில் சேர்ந்துவிட்டாள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கொஞ்சநேரம் மடியில் கவிழ்த்து வைப்பேன்.

படத்தில் இது எப்படி வந்தது? கடைசியில் பெயரெல்லாம் ஓடும்போது நடுவில், ஒரு வேடிக்கையாக. கேப் ஃப்ரிட்ஜைத் திறக்கிறான், உள்ளே தலை, கல்லாகிறான். சாலி அங்கே இல்லவே இல்லை.

2023 டிசம்பரில் டிஸ்னியில் தொடராக வந்ததே, அதை ஒரே வாரத்தில் பார்க்காமல், வாராவாரம் வர வர எட்டுப் பகுதியையும் பார்த்தேன். ரயர்டனும் அவர் மனைவியும் கூடவே இருந்து எடுத்தது. பெர்சி நிஜமாகவே சின்னப் பையன். உனக்கு மெசேஜ்கூட அனுப்பினேன், நீ கட்டைவிரல் காட்டினாய். கடைசிப் பகுதியில் எனக்கு நெஞ்சு படபடத்தது, இப்போதாவது சாலிக்கு அவள் இடம் கிடைக்கும் என்று. அதிலும் கேப்பே தன் முட்டாள்தனத்தால் வேறொருவர் பெயருக்கு வந்த பெட்டியைத் திறக்கிறான், கல்லாகிறான். எழுதியவரே பக்கத்தில் இருந்தும்!

முதலில் கோபம். அப்புறம் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அந்தப் பக்கத்தில் பென்சில் கோடு.

நான் போட்டது. ராத்திரி உனக்குப் படிப்பதற்கு முன்னால் மத்தியானமே ஒரு தடவை படித்து வைத்துக்கொள்வேன். கேப் சாலியை அடித்தான் என்கிற பத்தியைச் சுற்றி அடைப்புக்குறி போட்டேன், இதைத் தாண்ட வேண்டும் என்று. பையனுக்கு 10 வயதுதானே, எதற்கு இதெல்லாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. என் வாய் வரவில்லை. உன் பாட்டி சமையலறையில் தட்டு விழுந்தால்கூட ஏன் தோளைக் குறுக்கிக்கொள்வாள் என்று நீ ஒருநாள் கேட்பாயே என்று பயந்தேன். அதனால் என் கதையில் கேப் வெறும் சோம்பேறி. சாலி அவனைச் சும்மா ஒரு கோபத்தில் கல்லாக்கிவிட்டாள். நீ கைதட்டினாய்.

ஆறாம் வகுப்பு அரைப்பரீட்சை லீவில், அந்தப் படம் வந்துபோன பிறகு, நீயே எழுத்துக்கூட்டி முழுப் புத்தகத்தையும் படித்து முடித்தாய். நீ தனியாகப் படித்து முடித்த முதல் புத்தகம். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வந்து நின்று, "அம்மா, இங்க ஏன் பென்சில்ல கோடு போட்டிருக்க? இத நீ எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாய். கல்லில் தோசை கருகிற்று. அன்றைக்குத்தான் தாத்தாவைப் பற்றி உன்னிடம் பேசினேன். நீ கேட்ட ஒரே கேள்வி, "பாட்டிக்குப் பெட்டி யாரும் குடுக்கலையா?"

ஆகவே நான் படக்காரர்களைத் திட்டினால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அவர்களும் ஏதோ ஒரு மத்தியானம் படித்துப் பார்த்துவிட்டு, வாய் வராமல் கோடு போட்டிருப்பார்கள். ஆனால் என் கையில் புத்தகம் இருந்தது, கோடு அழியாமல் இருந்தது, நீ வந்து கேட்டாய். தியேட்டரில் யாரிடம் போய்க் கேட்பது?

உனக்கு வரும் மிருகம் எந்த மிருகம் என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறாய், சொல்லாதே. லைப்ரரியில் அந்தப் புத்தகத்தை எடுத்து, அந்த மிருகம் வரும் அத்தியாயத்தையாவது படி. கண்ணுக்குக் கஷ்டமாக இருந்தால் ஆடியோவில் கேள்.

சித்தி மகன் வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். அவனிடம் நம் பழைய புத்தகத்தைக் கொடுத்தனுப்புகிறேன். முதுகு விட்டுப்போய்விட்டது, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், அகலத் திறக்காதே. பருப்புப் பொடி இரண்டு டப்பா. காயவைத்த சங்குப்பூ ஒரு பொட்டலம், ஏர்போர்ட்டில் கேட்டால் டீ போட என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். இடியாப்ப மாவு அங்கேயே கிடைக்கும் என்றாய். எலுமிச்சையைக் கடைசியில் பிழி.

அன்புடன்,
அம்மா