செயலாளரின் ஆண்டறிக்கை: இரைக்கொல்லிப் பறவைகளும் எம்.ஆர்.ஐ. படமெடுப்பும்

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இறந்த செம்பருந்து, வல்லூறு, ஆந்தை ஆகியவற்றின் உடலமைப்பை எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தில் உடலின் நீர் தரும் சமிக்ஞையைக் கொண்டு உள்ளமைப்பைப் படமாக்கும் முறை) வழியாக ஆராயும் பணியைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. கொழும்பில் எவர் கண்ணில் பட்டாலும், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றி உடலை எடுக்க வேண்டாம். 1937இன் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இப்பறவைகளையும் காக்கிறது.

படங்கள் கெட்டது பெரும்பாலும் ஆயத்தத்தில்தான். உறையவைத்த உடல் 4 பாகை செல்சியஸில் மெல்ல உருக வேண்டும். இறகு குளிரை உள்ளே பிடித்து வைப்பதால் செம்பருந்துக்கு ஒரு நாள் போதாது. வெளியே மெத்தென்று இருக்கும், நெஞ்சுத் தசையின் ஆழத்தில் பனி மிஞ்சியிருக்கும். பனி சமிக்ஞை தராது, கரும்பொட்டாக விழும். அதை இரத்தக்கசிவு என்று வாசித்துவிடுவது எளிது. மார்பெலும்பு முகட்டின் இருபுறமும் விரலால் அழுத்திப் பார்த்த பின்னரே படுக்கையில் ஏற்றுங்கள். தசைநார் நுணுக்கம் தேவையென்றால் உறையவைக்கவே கூடாது. பனிப்படிகங்கள் நாரைக் கிழித்துவிடும்.

சுடப்பட்ட பறவையின் உடலில் குண்டு இருக்கலாம் என்பதால் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஈயக்குண்டைக் காந்தம் இழுக்காது, உருக்குக்குண்டை இழுக்கும். உருக்கு உடலுக்குள் இருந்தால் சுற்றிலும் படம் பெரிதும் சிதையும்; ஈயத்தால் வரும் சிதைவு சிறிதே.

காற்றுப்பைகளும் உட்குழிந்த எலும்புகளும் அடுத்த தொல்லை. காற்றும் இழையமும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் பிசகும். சமிக்ஞையைப் பெறும் இரு முறைகளில், கிரேடியன்ட் எக்கோவில் அந்த இடம் கறுத்துப்போகும்; ஸ்பின் எக்கோ எவ்வளவோ மேல். சமிக்ஞையை வாங்கும் கம்பிச்சுருள் உடலோடு ஒட்டி இருக்கட்டும். வல்லூறுக்கு, மனித முழங்காலுக்கான சுருள் பொருந்தும்.

12 சென்ரிமீற்றர் அகலப் படப்பரப்பை 256 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளி 0.47 மில்லிமீற்றர். அதை மூன்று திசையிலும் பாதியாக்கினால் சமிக்ஞை எட்டிலொன்றாகக் குறையும். படத்தின் தெளிவு நேரத்தின் வர்க்கமூல அளவிலேயே கூடுவதால், ஈடுகட்ட 64 மடங்கு நேரம் வேண்டும். எனவே தேவைக்கு மேல் நுணுக்கம் கேட்காதீர்கள்.

கண்ணே இப்பணியின் பெரும் பயன். நீர் வெண்மையாகத் தெரியும் ரீ-2 வகைப் படத்தில் கண்ணாடித் திரவம் வெண்மையாகவும் வில்லை கறுப்பாகவும் தெரிய, இடையில் பறவைக் கண்ணுக்குள் சீப்புப் போல் நீட்டி நிற்கும் இரத்தக்குழாய் மடிப்பான பெக்ரன் நிழலாக எழுகிறது. ஆந்தையின் விழி குழாய் வடிவில் இருப்பதும், அதைத் தாங்கும் எலும்பு வளையமும் வெட்டாமலே புலப்படுகின்றன. விழித்திரையில் கூர்பார்வை தரும் குழிகளை இந்த அளவில் காண முடியாது. இறந்தபின் விழியின் அழுத்தம் குறைந்து வடிவம் தளர்வதால், வரும் ஆண்டில் உடல் கிடைத்த அன்றே, உறையவைக்காமல், தலையை முதலில் படமெடுக்கக் குழு முடிவு செய்துள்ளது.

இங்ஙனம்,
செயலாளர்