கண் காத்திருக்காது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம். குடமுழுக்குக்கு நீ அனுப்பிய பணத்தைக் கோயில் கமிட்டியில் கட்டி ரசீது வாங்கிவிட்டேன். கல்லில் பேர் போடுவார்களா என்று கேட்டிருந்தாய். போடுவார்கள், அதில் தப்பொன்றும் இல்லை. தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் பெரிய கோயில் விமானத்தில் வெட்டச் சொன்னவன்தானே ராஜராஜன்.

அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் பொன்னையும் நகையையும்விட எனக்குப் பிடித்தது ஆடுதான். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. கொடுத்தவர் ஒரு தடவை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஏற்றுக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கு எரிந்தது அவராலும்தான்.

நம்ம ஊரிலும் பணமாகக் கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அறுப்பு முடிந்த கையோடு அன்னதானத்துக்கு நெல் மூட்டை இறக்கினவர்கள், கூலி வாங்காமல் பந்தல் போட்டவர்கள், குளத்தைத் தூர் வாரினவர்கள்தான் அதிகம். தெருப் பையன்கள் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஒரு தடவைக்கு 350 மில்லி, மூன்று மாதம் கழித்து மறுபடியும். யாருக்குப் போகிறது என்று இவர்களுக்குத் தெரியாது, வாங்கினவருக்கும் இவர்களைத் தெரியாது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு 65 தாண்டிவிட்டது, இனி என்னிடம் எடுக்க மாட்டார்கள்.

அதனால் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உடம்பையும் மெடிக்கல் காலேஜுக்கே எழுதிவிட்டேன். சர்க்கரை இருக்கிறதே, கண்ணாடி போடுகிறாரே என்று யோசிக்காதே, கருவிழி கொடுக்க அதெல்லாம் தடையில்லை. இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும்.

ஆனால் என் கையெழுத்து மட்டும் போதாது. அந்த நேரத்தில் வீட்டார் சம்மதிக்க வேண்டும். நம்ம பக்கத்தில் வெளிநாட்டுப் பிள்ளை வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள். கண்ணுக்கு 6 மணி நேரம்தான், நீ ஏர்போர்ட்டுக்குப் போவதற்குள் அது முடிந்துவிடும். மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் கொஞ்சம் உயர்த்தி வைத்துவிட்டுக் கண் வங்கிக்குப் போன் செய்யும்படி மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள், முகம் கோரமாகாது. உன்னைக் கேட்பார்கள். நான் வரும்வரை இருங்கள் என்று சொல்லிவிடாதே. சரி என்று சொல்.

அம்மாவுக்குத்தான் இன்னும் மனசு வரவில்லை. கண் போனால் போகட்டும், பிள்ளை இருக்கும்போது கொள்ளி வைக்காமல் எப்படி உடம்பைக் கொடுப்பது என்கிறாள். நான் பேசினால் அழுகிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நீயே அவளிடம் பொறுமையாகப் பேசிப் பார்.

அன்புடன்,
அப்பா