மேலிருந்து கீழே வாசிக்காத தாள்

மட்டக்களப்பு
செப்டம்பர் 21, ஞாயிறு

அன்புள்ள நவ்ஷாத்,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உம்மாவின் கண் ஒப்பரேஷன் முடிந்து நீ அனுப்பிய குரல் பதிவுக்கும் பதில் போடவில்லை. திட்டுவதை இப்போதே திட்டி முடித்துவிட்டு மேலே வாசி. போன கிழமை அக்கரைப்பற்றுக்குப் போய் உம்மாவைப் பார்த்தேன். புதுக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தவர், “இப்பதான் மகன் உன்ன வடிவாத் தெரியுது, கிழவனாப் போயிட்டாய்” என்றார். வட்டிலப்பம் தந்தபடியால் மன்னித்துவிட்டேன். நீலச் சைக்கிள் இன்னும் உன் வீட்டுக் கொட்டிலில்தான் நிற்கிறது. இரண்டு டயரும் இல்லை, ஆனால் பெல் அடிக்கிறது.

எங்கள் வீட்டில் எல்லாரும் சுகம். மகள் ஓ.எல். படிக்கிறாள், அல்லது படிப்பதாகச் சொல்கிறாள். சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே நாங்கள் ஆறு முன்பள்ளிகளில் மலசலகூடம் கட்டுகிறோம். எங்கள் ஒபிசில் வேலை பழகும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்று போன வருடம் சொன்னேனே, முதல் நாளே என் அளவு நாடாவைத் தொலைத்தவள். பன்னிரண்டு நாளைக்கு முதல் வெல்லாவெளிப் பக்கமிருந்து ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது விழுந்துவிட்டாள். மணிக்கட்டு முறிவு. தலையில் அடி இல்லை, ஹெல்மெட் காப்பாற்றியது. மழையும் இல்லை, எதிரே வாகனமும் இல்லை. “கண் கொஞ்சம் மூடிட்டுது சேர்” என்று கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாள். அதற்கு முந்திய பதினொரு நாளில் அவளுக்கு ஒரு லீவும் இல்லை. அவளாகவும் கேட்கவில்லை, நானாகவும் பார்க்கவில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்து சுவரில் ஒட்டியிருந்த கான்ட் சார்ட்டுக்கு, எந்த வேலை எந்த நாளில் என்று கோடு போட்டுக் காட்டும் தாளுக்கு, முன்னால் நின்றேன். தலைமை அலுவலகம் அச்சடித்து அனுப்பியது, நான்தான் பெயர்களை நிரப்பினேன். பச்சை, மஞ்சள், நீலம் என்று சரஸ்வதி பூசைச் சோடனை மாதிரி இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. வரி வரியாகக் குறுக்கே வாசித்தால் ஒரு பிழையும் இல்லை. அவள் விழுந்த திகதியில் விரலை வைத்து, அங்கிருந்து நேரே கீழே இழுத்துக்கொண்டு வந்தேன். காலையில் வவுணதீவில் கம்பி கட்டியதைப் பார்ப்பது அவள். மத்தியானம் கொக்கட்டிச்சோலையில் பெற்றோர் கூட்டம் அவள். பின்னேரம் வெல்லாவெளியில் சீமெந்து இறக்கும்போது எண்ணுவதும் அவள். மூன்று கோடும் தனித்தனியே பார்த்தால் சின்னக் கோடுகள்தான். மூன்றையும் ஒரே ஆள் சுமக்கிறாள் என்பது மேலிருந்து கீழே வாசித்தால்தான் தெரியும். இரண்டு மாதமாக அந்தத் தாளை நான் ஒருநாளும் அப்படி வாசிக்கவில்லை. அதிலும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருட்ட முதல் புறப்பட வேண்டும், யானை இறங்கும் ரோட்டு அது. அதனால் அவளுடைய ஒரு நாள் என்பது நாலு மணியோடு முடிகிற நாள். அதுவும் சார்ட்டில் இல்லை.

நீ டோஹாவில் இதே வேலையைத்தான் செய்கிறாய், இதெல்லாம் உனக்குச் சிரிப்பாக இருக்கும். உங்கள் இடத்தில் ஆள் காணாவிட்டால் அடுத்த பஸ்ஸில் நாற்பது பேர் வந்து இறங்குவார்கள். எனக்கு இருப்பது ஒரு மேசன் அண்ணர், அவருடைய கையாள், வாரத்தில் மூன்று நாள் மட்டும் கிடைக்கும் பிக்கப், வாடகை மிக்சர் ஒன்று, அந்தப் பிள்ளை, நான். செய்யவேண்டியது ஆறு முன்பள்ளிகளில் மலசலகூடம். காசு கொடுத்தவர்களின் திகதி ஒக்டோபர் 31. ஆனால் மழை அவர்களுடைய திகதியைப் பார்த்து வராது என்பதால் ஒக்டோபர் 15ஐ நான் என் கெடுவாக வைத்திருந்தேன்.

ஒரு இடத்துக்கு மேசனின் வேலை 11 நாள். ஆறு இடத்துக்கு 66. ஆகஸ்ட் 4 தொடக்கம் ஒக்டோபர் 15 வரை ஞாயிறையும் போயா (பௌர்ணமி) லீவையும் கோயில் திருவிழாவையும் கழித்துப் பார், 58 நாள்தான் வரும். இது வகுத்தல்கூட இல்லை மச்சான், வெறும் கழித்தல். ஆரம்பத்திலேயே ஐந்துதான் முடியும், ஆறு முடியாது. இதை ஜூலையில் பின்னேரத் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் கணக்குப் போட்டிருக்கலாம். அம்பாறை ஹார்டி டெக்னிக்கலில் படிக்கும்போது எஸ்டிமேட் பாடத்துக்கு எனக்கு உன்னைவிட நாலு மார்க்ஸ் கூட என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இனிச் சொல்லமாட்டேன்.

ஆஸ்பத்திரி வாங்கில் இருந்த இரவு, நீ முன்னொரு தரம் அனுப்பி நான் திறக்காமலே வைத்திருந்த வேலைத் திட்டமிடல் பாடங்களைப் போனில் வாசித்தேன். அதில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. ஹென்றி கான்ட் நூறு வருடத்துக்கு முதல் பட்டறைகளில் வரைந்த தாள்களில் ஒரு வகையில் வரிக்கு வரி இருந்தது வேலையின் பெயரே இல்லையாம். ஆளின் பெயர், இல்லாவிட்டால் மெஷினின் பெயர். இந்த ஆள் இன்றைக்கு எவ்வளவு செய்தான், இந்த மெஷின் எவ்வளவு நேரம் சும்மா நின்றது என்பதுதான் கோடு. 1957இல் டூபாண்ட் கம்பனிக்காரர் கிரிட்டிக்கல் பாத், அதாவது முடிவுத் திகதியைத் தீர்மானிக்கிற வேலைத் தொடரைக் கண்டுபிடிக்கிற கணக்கைக் கொண்டுவந்தபோது எதற்குப் பின்னால் எது என்ற வரிசைதான் முன்னுக்கு வந்தது. ஆட்கள் வேண்டியமட்டும் இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். அத்திவாரத்துக்குப் பிறகு சுவர், சுவருக்குப் பிறகு கூரை, அது சரி. வவுணதீவு அத்திவாரத்துக்கும் மண்டூர் சுவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அது சொல்லும். தொடர்பு இருக்கிறது. இரண்டையும் கட்டுவது அதே இரண்டு கை.

அடுத்த நாளே மகளின் பிரிஸ்டல் போர்ட்டைக் களவெடுத்துப் புதிதாக ஒன்று வரைந்தேன். இடது பக்கம் வேலைகள் இல்லை. மேசன், கையாள், பிக்கப், மிக்சர். பக்கத்தில் கறி வெட்டிக்கொண்டிருந்த மனுசி எட்டிப் பார்த்துவிட்டு, “உங்கட பேர் எங்க?” என்றா. எழுதவே இல்லை! எழுதிப் பார்த்தேன். கம்பி பரிசோதனை நான், அளவுப் புத்தகம் நான், பில்லில் ஒப்பம் நான், மாத அறிக்கை நான். புதன்கிழமைகளில் மட்டும் என் வரியில் ஐந்து கோடு ஒன்றின்மேல் ஒன்று. அந்த ஐந்தையும் செய்ய முடியாமல்தான் இரண்டைப் பிள்ளையின் தலையில் வைத்திருந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்றும் அந்தத் தாளில் வெளிச்சமானது. கொங்கிரீட் தட்டுப் போட்டால் ஏழு நாளாவது ஈரம் காயவிடக்கூடாது. சார்ட்டில் அது பெரிய நீலக் கோடு. ஆனால் அந்த ஏழு நாளும் மேசன் தேவையில்லை. சாக்கை நனைத்து மூடிக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற முன்பள்ளி ரீச்சரே போதும். அந்த நேரம் மேசன் அடுத்த இடத்தில் நிற்கலாம். நாங்கள் அப்படியா செய்தோம்? யார் போன் எடுத்துக் கத்தினார்களோ அங்கே அவரை அனுப்பினோம். தலைமை அலுவலகத்தில் இருந்து, “ஆறிலும் தொடங்கிப் படம் அனுப்புங்கள், காசு கொடுத்தவர்களுக்கு முன்னேற்றம் காட்ட வேண்டும்” என்றார்கள். தொடங்கினோம்.

நாலு நாள் வேலை மூன்று இருக்கிறது என்று வை. ஒன்றை முடித்து மற்றதைத் தொட்டால் 4ஆம் நாள் ஒன்று, 8ஆம் நாள் ஒன்று, 12ஆம் நாள் ஒன்று முடியும். நாளுக்கொரு இடமாக மாறி மாறிச் செய்தால் 10, 11, 12. கடைசி நாள் மாறாது, ஆனால் பத்தாம் நாள்வரை கையில் ஒன்றும் இருக்காது. மேசன் ஒவ்வொரு தரமும் கயிறு கட்டி மட்டம் பார்த்துத் தொடங்குகிற நேரத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. மேசன் அண்ணர் இதையெல்லாம் படிக்காமலே ஆகஸ்டிலேயே சொன்னார்: “தம்பி, அடுப்பு ஒண்டு, ஆறு சட்டிய வெச்சா ஆறும் அவியாது.” நான் சிரித்தேன். நீயும் சிரித்திருப்பாய்.

இன்றைய நிலவரம்: ஒன்று முழுதாக முடிந்து பிள்ளைகள் பாவிக்கிறார்கள். நாலு அரைகுறை. அந்த நாலுக்கும் சேர்த்து இன்னும் 19 நாள் வேலை. கையில் இருப்பது 20 நாள்.

தலைமை அலுவலகத்தில் பேசினேன். அந்த அம்மா நல்ல மனுசி, ஆனால் முதல் வார்த்தையே “இன்னொரு மேசனைப் பிடியுங்களேன்” என்பதுதான். பிடிக்கலாம். ஆனால் மிக்சர் ஒன்று. கம்பியைப் பார்த்து ஒப்பம் வைக்காமல் தட்டுப் போட விடமாட்டேன், அந்த ஒப்பம் வைக்க இப்போது நான் ஒருவன்தான். இவ்வளவு நாளும் மேசனுக்காகக் காத்திருந்த வேலை இனி எனக்காகக் காத்திருக்கும், அவ்வளவுதான். பிறகு “திகதி அசையாமல் ஏதாவது செய்யுங்கள்” என்றா. உங்கள் பாஷையில் அவ கேட்பது ஸ்மூதிங், திகதியை அசைக்காமல் வேலைகளை மட்டும் நகர்த்துவது. எனக்கு வேண்டியது லெவலிங், இருக்கிற ஆட்களுக்கு ஏற்றபடி திகதியையே நகர்த்துவது. ஃப்ளோட், அதாவது தள்ளிப்போட மிச்ச நாள், இருந்தால்தானே மச்சான் அதற்குள் எதையாவது தள்ளலாம்? ஆறாவதைப் பெப்ரவரிக்குத் தள்ளுவோம் என்றால் அது பெரும்போக அறுவடை, ஒரு கூலியாள் கிடைக்கமாட்டான். மேசனின் கையாளே வயலுக்குப் போய்விடுவான், போன வருடம் போனான். ஏப்ரலில் வருடப்பிறப்பு முடிய என்று கேட்டேன். எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. ஐந்தை முடிக்கச் சம்மதித்துவிட்டார்கள், அதுவரைக்கும் பெரிய காரியம்.

இப்போது என்னை நித்திரை கொள்ளவிடாதது அந்த ஆறாவது. ஊரின் பெயரை எழுதவில்லை, உனக்குத் தெரியும், நாம் மோட்டார் சைக்கிள் தள்ளிக்கொண்டு போன ஊர். படம் அனுப்பவேண்டும் என்று அங்கேயும் குழி வெட்டச் சொன்னேன். மேசன் இல்லை என்று தெரிந்ததும் தாய் தகப்பன்மார் சிரமதானம் செய்து அவர்களே வெட்டினார்கள். மோரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஒரு தகப்பன் குழிக்குள் நின்றுகொண்டு தலையை மட்டும் வெளியே காட்டிச் சிரிக்கிற படம் என் போனில் இருக்கிறது. அதைத்தான் அறிக்கையின் அட்டைக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

மழை பிடித்தால் அங்கே நிலத்தடி நீர் மேலே வரும். மணல் தரை, கொங்கிரீட் வளையம் இறக்காத குழி இடிந்து விழும். முன்பள்ளிப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற முற்றத்தில் தண்ணீர் நிற்கிற குழி. கம்பு நட்டு வேலி அடித்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். என்னால் முடியாது. மூடத்தான் வேண்டும். வெட்டியவர்களிடமே போய், நீங்கள் வெட்டினதை நீங்களே மூடுங்கள், ஏப்ரலில் வருவோம் என்று நினைக்கிறோம் என்று சொல்லவேண்டும். கடிதமாக அனுப்பச் சொன்னார்கள். வியாழக்கிழமை நானே போகிறேன். ஒபிசில் இருக்கிற இரண்டு மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு போகிறேன். மேசன் அண்ணரும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன், அன்றைக்கு அவர் மண்டூரில் தட்டுப் போடவேண்டும்.

பிள்ளைக்கு ஆறு கிழமை லீவு. போன் எடுத்து, “சேர், ஒரு கையால எக்செல் அடிக்கலாம்” என்கிறாள். போனை வை என்று சொன்னேன். அவளுடைய தாய்க்கு முன்னால் போய் நின்றதை உனக்கு எழுத வரவில்லை, நேரில் வரும்போது சொல்கிறேன். அவ தேத்தண்ணி தந்தா, அதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

அந்த பிரிஸ்டல் போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன், பிழை இருந்தால் சொல். மேசனின் வரியில் கடைசி ஒரு நாளை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதைச் சும்மா விடுவதா, கூரை வேலைக்கு முன்னால் போடுவதா என்று உன் மூளைக்கு என்ன படுகிறது? நக்கல் அடிப்பதென்றால் தனியாக அடி, கணக்கைத் தனியாக எழுது.

உம்மாவின் கண் மருந்து இங்கே தட்டுப்பாடாம், வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்பு. நீயும் லீவுக்கு எப்போது என்று ஒரு திகதி சொல்லு, போன தரம் மாதிரி ஏமாற்றாமல். கோல் எடுப்பதென்றால் இரவு எட்டுக்குப் பிறகு எடு. வியாழக்கிழமை மட்டும் எடுக்காதே, அன்றைக்கு என் வரியில் அந்த ஒரு கோடுதான் போட்டிருக்கிறேன்.

உன்,
சிவா